அணுவை ஒற்றனாக்கிய ஹெவெஷி

1885-இல் புடாபெஸ்ட் நகரில் தோன்றியவர் ஜார்ஜ் டி ஹெவெஷி. மான்செஸ்டரில் பேரறிஞர் ரதர்போர்டு, ஈயத்தினின்றும் 'ரேடியம் டி' என்னும் கதிரியக்கப் பொருளைப் பிரிக்குமாறு அவரைப் பணித்தார். எத்துணை முயன்றும் இயலவில்லை. அதுவும் ஈயத்தின் வேறொரு வடிவமே! பிரியாத பொருளன்றோ உடன் சென்று உளவறியும் ஒற்றனாகும் எனத் தெளிந்தார் அவர். 1923-இல் கதிரியக்க ஈயத்தை அவரையினச் செடியிலும், 1935-இல் கதிரியக்கப் பாஸ்பரஸை எலிகளிலும் செலுத்தி, அவை சென்ற வழியைக் கண்டறிந்தார். 1943-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு அவர்க்கு உரித்தாயிற்று, 1966-இல் மறைந்தார்.

இன்று சைக்ளோட்ரானில் ஆக்கப்பெறும் புளோரின்-18, குளுக்கோஸையொத்த பொருளில் அமர்ந்து உடலுட் புகுந்து, சர்க்கரையை மிகுதியாக உட்கொள்ளும் புற்றுநோய்த் திசுவைக் காட்டிக்கொடுக்கின்றது. ஏறத்தாழ 110 நிமிடங்களில் அதன் கதிர்வீச்சு பாதியாகிவிடும். நம் இல்லங்களிலும் புகும் அக்கொடுநோயை உணர்த்தும் படங்களைக் காணுந்தோறும், அன்று தோற்றும் தளராத அவ்விளைஞரை நாம் நன்றியுடன் நினைவோமாக.