கடற்படைத் தலைவர் சுப்ரேன்

காவிரி பல கிளைகளாகப் பிரிந்து கடலொடு கலக்கும் கீழைக் கரையில் காரைக்கால் என்னும் நகரம் உள்ளது. அந்நகரைச் சார்ந்த சிற்றூர்களுள் ஒன்று விழிதியூர். அமைதி நிறைந்த அச்சிற்றூரின் பகுதிக்கும், பல்லாயிரங் கல் தொலைவிலுள்ள பிரான்சு நாட்டின் கடற்படைக்கும் ஒரு காலத்தில் நெருங்கிய தொடர்பு இருந்தது. 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் தஞ்சை மன்னரிடமிருந்து காரைக்காலைப் பெற்றனர். 1954-ஆம் ஆண்டு வரை, ஆங்கிலேயர் இடையிடையே கைப்பற்றியிருந்த காலம் நீங்கலாக, அப்பகுதி அவர்கள் ஆட்சியிலேயே இருந்தது. அவ்வாறு ஆங்கிலேயர் கையில் அது சிக்கியிருந்த காலங்களுள் ஒன்றிலே, சோழமண்டலக் கடலில் கடும்போர்கள் பல நிகழ்ந்தன. அப்போர்களில் பிரெஞ்சுக் கடற்படையை நடத்தியவர் சுப்ரேன் என்பவர்.

கடற்படைத் தலைவரை ஐரோப்பியர் அட்மிரல் என்பர். தலைவன் எனப் பொருள்படும் அமீர் என்னும் அரபுச் சொல்லே அவ்வாறு திரிந்தது. அக்காலப் பிரான்சில் அட்மிரல் என்னும் பெரும்பெயர் ஒருவருக்கே உரியதாக இருந்தது. அரச குடும்பத்தைச் சார்ந்த ஒருவர் அதனைத் தாங்கி நின்றார். கடலிலே போர் புரிவோர் எய்தக்கூடிய மிகவுயர்ந்த பதவி துணை அட்மிரல் பதவியே. அப்பதவியையும் எய்தினோர் மிகச் சிலர். சுப்ரேன் அதனை எய்தியபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

பியேர் ஆந்திரே தெ சுப்ரேன் 1729-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தென் பிரான்சில் உள்ள சேன்-கன்னா என்னும் ஊரில் பிறந்தார். தம் பதினான்காம் வயதில் கடற்படையிற் சேர்ந்தார். மறு ஆண்டே துலோன் துறைமுகத்தை அடுத்த கடலில் நிகழ்ந்த போரில் பீரங்கி முழக்கத்தைக் கேட்டார். பின்னர் இருமுறை, 1747-இலும் 1759-இலும், ஆங்கிலேயர் கையில் சிறைப்பட்டார். தோல்வியின் துன்பத்தை இளமையிலேயே உணர்ந்தமையால், பகைவரின் திறமையைக் குறைத்து எண்ணும் பிழையை அவர் செய்யவில்லை. மால்ட்டாத் தீவிலிருந்த வீரத் துறவியர் சபையில் உறுப்பினராகி, மத்தியதரைக் கடலில் கொள்ளைக் கப்பல்களை எதிர்த்தும் அவர் தொண்டாற்றினார். ஆயினும், பதவி உயர்வு மெல்லவே வந்தது. 1772-ஆம் ஆண்டிலேதான் அவர் பெருங்கப்பலின் தலைவர் என்னும் நிலையை அடைந்தார்.

1781-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஐந்து போர்க்கப்பல்களுடன் சுப்ரேன் பிரெஸ்ட் துறையினின்று புறப்பட்டார். ஒல்லாந்தர் வசமிருந்த நன்னம்பிக்கை முனையைக் கைப்பற்ற ஆங்கிலப் படையொன்று சென்றுகொண்டிருந்தது. ஏப்ரல் 16-ஆம் நாள், வழியிலிருந்த தீவொன்றின் துறையில் அப்படை நங்கூரமிட்டிருக்கக் கண்ட சுப்ரேன், சற்றும் தாமதியாமல் அதன்மேற் பாய்ந்தார். ஆனால், அவருடைய கருத்தை மற்றைத் தலைவர்கள் முன்னரே அறிந்திருக்கவில்லை. அவருடன் இரண்டொரு கப்பல்களே நின்று போரிட்டன. முழு வெற்றி கிட்டவில்லை. எனினும், ஆங்கிலேயர் தாமதமுற, சுப்ரேன் முந்திச் சென்று முனையைக் காத்தார். அவருடைய விரைவும், அவர் கருத்தைப் பிறர் அறியாத குறையும் இப்போரிலேயே ஒருங்கு வெளிப்பட்டன. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் இதுவே முன்னறிகுறி ஆயிற்று.

இந்துமாக்கடலை அடைந்த பிரெஞ்சுப் படையின் தலைவர் முதியவரான ஒர்வ் என்பவர். அவர் 1782 பிப்ரவரியில் நடுக்கடலிலே நோயுற்று இறந்தார். படைத்தலைமை சுப்ரேனை வந்தடைந்தது. பெரும்பதவி கிட்டிய மகிழ்ச்சியைக் காட்டிலும் பொறுப்பின் சுமையே அன்று மிகுதியாக இருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் 1778-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் கைப்பட்டிருந்தன. ஒல்லாந்தரின் நாகப்பட்டினத்தையும் திருகோணமலையையும் அவர்கள் அண்மையிற் கவர்ந்திருந்தனர். சோழமண்டலக் கரை நெடிய மணற்கரை. பெருங்கப்பல்கள் புயலுக்கு ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் அங்கே இல்லை. கப்பல் பழுதுற்றால் மரமும் பாயும் கயிறும் கொடுத்துதவும் பண்டசாலையும் பிரெஞ்சுக்காரருக்கு இல்லை. ஆங்கிலேயருக்கோ சென்னையும் பம்பாயும் இருந்தன.

இந்நிலையில், எட்வர்டு இயூசு என்னும் ஆங்கிலக் கடற்படைத் தலைவரைச் சுப்ரேன் எதிர்த்தார். பிப்ரவரி 17-ஆம் நாள் சதுரங்கப்பட்டினக் கடலிலும், ஏப்ரல் 12-ஆம் நாள் இலங்கையின் கீழ்க்கரையிலும் இருவரும் பொருதனர். வரிசையாக நின்று நெடுநேரம் சுடுவதே அக்காலக் கடற்போர் முறை. பகைவரிசையின் ஒரு பகுதியை மட்டும் இருபுறமும் சூழ்ந்து அழித்தல் வேண்டும் என்பது சுப்ரேனின் புதுமுறை. அதனை அவருடைய கப்பற்றலைவருட் பலர் விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கிக்கொண்ட சிலரும் விரும்பிச் செய்யவில்லை. சுப்ரேனோ சினம் மிக்கவர்; தம் எண்ணத்தைப் பிறருக்குப் பொறுமையாக எடுத்துரைக்கும் இயல்பு இல்லாதவர். குற்றம் இருபாலும் இருந்தது.

மூன்றாம் போர் 1782 சூலை 6-ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கு அண்மையில் நிகழ்ந்தது. இருபுறமும் பதினொரு பெருங்கப்பல்கள் நின்றன. போர் நடுவே காற்றுத் திடீரென்று திசை மாறிற்று. இரு வரிசைகளும் குலைந்து, கப்பல்கள் ஒன்றோடொன்று கலந்தன. பகைவரிடையே சிக்கிய பிரெஞ்சுக் கப்பலொன்றின் தலைவர், அடைக்கலம் புகுவதாகக் காட்டிக் கொடியை இறக்கச் செய்தார். அவருக்குக் கீழ்ப்பட்ட அலுவலர்களோ அதற்கு உடன்படவில்லை; பீரங்கிகளைத் தொடர்ந்து முழக்கிக் கப்பலை மீட்டனர். அன்று பிரெஞ்சுத் தரப்பில் 178 பேர் மாண்டனர். 601 பேர் புண்பட்டனர். ஆங்கிலேயருள் மாண்டோர் 77 பேர். புண்பட்டோர் 233 பேர். மாலையில் சுப்ரேனின் கப்பல்கள் காரைக்கால் கடலில் நங்கூரமிட்டன. தம் அரசர் இழந்த ஊரின் கரை எதிரே தெரிந்தது. அதில் இறங்கும் வலிமை அன்று அவருக்கு இல்லை.

மறுநாள் அவர் கடலூரை நோக்கிச் சென்றார். கொடியை இறக்கிய தலைவரையும், கடமையில் தவறிய வேறு சிலரையும் பதவியினின்று நீக்கினார். சிறு கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெருங்கப்பல்களில் நாட்டினார். அக்காலத்தில் ஆங்கிலேயரோடு போர் புரிந்துகொண்டிருந்த மைசூர் மன்னர் ஐதர் அலி, சூலைத் திங்கள் இறுதியில் கடலூர்ப் பகுதிக்கு வந்து அவரைக் கண்டு பெருஞ்சிறப்புச் செய்தார். இவ்விருவர் நட்பால் ஆங்கிலேயர் அச்சமுற்றனர். ஆயினும், தஞ்சைத் தரணியின் எளிய உழவர் பட்ட துன்பத்தையும் மறத்தல் ஆகாது. 1781-இல் ஐதரின் படைகள் புகுந்தமையால் அந்நாடு பாழ்பட்டுக் கிடந்தது. அரசர் பலர் பொருத போரில், எத்தரப்பையும் சாராத ஏழை மக்களே பெரிதும் நலிந்தனர்.

இயூசு சென்னையில் தம் கப்பல்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கையில், சுப்ரேன் விரைந்து இலங்கைக்குச் சென்றார். ஆகஸ்டு இறுதிக்குள் திருகோணமலையைக் கைப்பற்றினார். கீழைக் கடலின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகம் அவர் வசமாயிற்று. இரண்டொரு நாளில் இயூசு அங்கு வந்து சேர்ந்தார். செப்டம்பர் 3-ஆம் நாள் நான்காம் போர் மூண்டது. அன்றும் கப்பல்கள் பல பின்தங்கின. ‘வீரன்’ எனப் பொருள்படும் பெயர் பூண்ட சுப்ரேனின் கப்பலைப் பகைவர் நெருக்கினர். அதன் நடுப்பாய்மரம் முறிந்து வீழ்ந்தது. அதனொடு தலைவரின் கொடியும் வீழ்ந்தது. தாம் பணிந்துவிட்டதாகப் பகைவர் எண்ணுவரோ என்று பொறாத சுப்ரேன், பிரான்சின் வெண்கொடிகளைக் கொணர்ந்து கப்பலைச் சுற்றிலும் நாட்டுமாறு ஆணையிட்டார். கப்பல் தப்பியது.

1783-ஆம் ஆண்டு சூன் திங்களில் கடலூரில் இருந்த பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் நிலத்தில் முற்றுகையிட்டனர்; கடல்வழியை இயூசு மறித்து நின்றார். அவரிடம் பதினெட்டுக் கப்பல்கள், சுப்ரேனிடம் பதினைந்து. ஆள் குறைவை நிரப்ப, கடலூர்ப் படையிலிருந்து ஏறத்தாழ 1200 பேரைச் சுப்ரேன் தம் கப்பல்களில் ஏற்றிக்கொண்டார். அவர்களுள் இந்தியச் சிப்பாய்களும் பலர். சூன் 20-ஆம் நாள் நடந்த போருக்குப் பின் இயூசு சென்னைக்குத் திரும்பினார். கடலூர் காக்கப்பட்டது. ஒன்பது நாள் கழித்து, ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்டுவிட்ட செய்தியைத் தாங்கி ஆங்கிலக் கப்பலொன்று வந்தது. அமைதி ஏற்பட்டதை அறியாமலேயே அன்று அத்தனை பேர் உயிரிழந்திருந்தனர்!

தாயகம் திரும்பும் வழியில், நன்னம்பிக்கை முனையில், தம்மோடு போரிட்ட ஆங்கிலக் கப்பற்றலைவர் பலரைச் சுப்ரேன் காண நேர்ந்தது. அவர்கள் தாமே அவரை நாடி வந்து மரியாதை செய்தனர். நண்பர் கூறும் புகழினும் பகைவர் செய்த அச்சிறப்பை அவர் உயர்வாகக் கருதினார். 1784-ஆம் ஆண்டில் மன்னர் பதினாறாம் லூயி, முன்பு இல்லாத நான்காம் துணை அட்மிரல் பதவி ஒன்றைச் சுப்ரேனுக்கென்றே தோற்றுவித்தார். அவருக்குப் பின் அது வேறெவர்க்கும் உரியதன்று என்றும் விதித்தார். 1788 டிசம்பர் 8-ஆம் நாள் சுப்ரேன் பாரிசு நகரில் உயிர்நீத்தார்.

1783-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தன. காரைக்காலைச் சூழ்ந்த நான்கு மாகாணங்களும் அதனொடு சேர்ந்தன. இதற்குச் சுப்ரேனின் போர்கள் மட்டுமே காரணம் அல்ல. ஐரோப்பிய அரசர்கள் தம்முள் செய்துகொண்ட ஏற்பாடே முதன்மையானது. அவர் காக்க முயன்ற அந்நியர் ஆட்சியும் பின்னர் மறைந்தது. 1954-ஆம் ஆண்டில் விழிதியூரும் அதன் சுற்றுப்புறமும் இந்திய நாட்டொடு இணைந்தன. புதுச்சேரியில் ஒரு வீதியும், பிரெஞ்சுக் கடற்படையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலும் சுப்ரேனின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ஐந்து போர்களிலும் சுப்ரேன் பகைவரை முற்றும் வென்றாரல்லர். பகைவர் அவரையும் வென்றாரல்லர். துறைமுகம் இன்றியும், துணைவரின் ஒத்துழைப்பு இன்றியும், பதினாறு திங்கள் அவர் தளராது நின்றார். பதவி ஒருவருக்கு ஆணையிடும் உரிமையைத் தரும். அவ்வாணையை மனமுவந்து ஏற்கச் செய்யும் நம்பிக்கையைத் தாராது. அந்நம்பிக்கையையும் அவர் ஈட்டியிருப்பாராயின், சோழமண்டலக் கடலின் வரலாறு வேறுவகையாக அமைந்திருத்தல் கூடும். தலைமை ஏற்போர் சுப்ரேனின் ஊக்கத்தைக் கைக்கொள்க. அவருடைய குறையை நினைந்து தம்மைத் திருத்திக்கொள்க.