மல்லரின் தோளைப் பற்றிய மகான்

உங்களுக்குக் கீழே பத்துப் பேர் வேலை பார்க்கிறார்களா? சொன்னதைச் செய்யாதவர் ஒருவர், செய்வதுபோல் நடிப்பவர் ஒருவர், உங்களை அந்த நாற்காலியிலிருந்து இறக்கப் பார்ப்பவர் ஒருவர் என்று மூவகையினரும் அதில் இருப்பார்களே! அலுத்துக்கொள்ள வேண்டாம். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் இவர்கள் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு ஒரு பெரிய கோயிலையே நிர்வகித்துக் காட்டிய மகான் ஒருவர் உண்டு. அவர்தான் ஸ்ரீராமானுஜர்.

1017-ஆம் ஆண்டு, சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தவர். 120 ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பது வைணவ மரபு. காஞ்சியில் துறவு பூண்டு, ஆளவந்தாரின் சீடர்கள் அழைக்க, ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தார். கோயில் பொறுப்பும் அவரிடம் வந்தது. ‘உடையவர்’ என்ற திருநாமமும் அரங்கனே அருளியது என்பார்கள்.

பட்டம் கிடைத்துவிட்டது. ஆட்கள் கிடைத்தார்களா? அங்கேதான் சோதனை!

பூஜைகள் காலத்தில் நடக்க வேண்டும், கோயில் சொத்துக்குக் கணக்கு வேண்டும் என்று உடையவர் ஒழுங்குகளைக் கொண்டுவந்தார். தலைமுறை தலைமுறையாகத் தங்கள் இஷ்டப்படி நடத்திவந்த சிலருக்கு இது பொறுக்கவில்லை. பிட்சைக்குச் சென்ற இடத்தில் அவருக்கு விஷம் கலந்த அன்னம் இடப்பட்டதாகக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. அன்னமிட்ட பெண்மணி மனம் தாங்காமல் அவர் காலில் விழ, குறிப்பறிந்த ராமானுஜர் அதை உண்ணாமல் விட்டார். அதற்காக யாரையும் பழிவாங்கப் புறப்படவில்லை. உபவாசத்தில் அமர்ந்துவிட்டார். செய்தி கேட்டு ஓடிவந்த குரு திருக்கோட்டியூர் நம்பி, கிடாம்பி ஆச்சான் என்ற சீடரை அவருக்குத் தளிகை செய்ய நியமித்தார்.

இன்னொரு தடையாக நின்றவர், கோயிலின் சாவியைக் கையில் வைத்திருந்த பெரிய கோயில் நம்பி. அவரை விலக்கிவிட்டால் என்ன என்றுகூட ராமானுஜருக்குத் தோன்றியது. ஆனால், அவர் நெடுநாளாகத் தமக்குத் தொண்டு செய்பவர் என்று அரங்கனே கனவில் தடுத்தாராம். வழியை மாற்றினார் உடையவர். தம் சீடர்களில் பொறுமைக்கும் புலமைக்கும் பேர்பெற்ற கூரத்தாழ்வானை அவரிடம் பழகவிட்டார். நாளடைவில் நம்பியின் மனம் கரைந்தது. சாவியை அவரே கொண்டுவந்து ஒப்படைத்தார். அதோடு முடிந்ததா? அந்த நம்பிதான் பின்னாளில் திருவரங்கத்து அமுதனாராகி, உடையவரைப் போற்றி 108 பாசுரங்கள் கொண்ட இராமாநுச நூற்றந்தாதியைப் பாடினார்! அன்று அவரை விலக்கியிருந்தால் சாவி கிடைத்திருக்கும். நூற்றந்தாதி கிடைத்திருக்குமா?

பிறகு கோயில் பணியாளர்களைப் பத்துக் கொத்துகளாகப் பிரித்தார் உடையவர். இன்னார்க்கு இன்ன வேலை என்று தெளிவாக வகுத்தார். ஸ்ரீரங்கத்தின் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகு இந்த ஏற்பாட்டை விரிவாகப் பேசுகிறது. யார் எதற்குப் பொறுப்பு என்பது தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை அப்போதே ஓய்ந்துவிடும், இல்லையா?

சரி, வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். அதில் ஈடுபாட்டை எப்படிக் கொடுப்பது? உறங்காவில்லியின் கதையைக் கேளுங்கள்.

உறையூரைச் சேர்ந்த மல்லர் அவர். மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கி, வெயில் படாமல் குடை பிடித்தபடி அவளுடன் நடந்துவந்தார். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ராமானுஜர் சிரிக்கவில்லை. இவ்வளவு ஆழமாக அன்பு வைக்கத் தெரிந்தவனா என்று வியந்தார். கடிந்துகொள்ளாமல், அதைவிட அழகான கண்களைக் காட்டுவதாக அழைத்துப்போய் அரங்கன் முன் நிறுத்தினார். அவ்வளவுதான்! மல்லர், பிள்ளை உறங்காவில்லி தாசரானார். தம்பதியர் இருவரும் அரங்கன் தொண்டிலேயே ஆழ்ந்தார்கள்.

காவிரிக்கு நீராடப் போகும்போது முதலியாண்டானின் கையைப் பற்றிச் செல்லும் உடையவர், நீராடித் திரும்பும்போது உறங்காவில்லியின் தோளைப் பற்றி வருவார். குலத்தைப் பார்த்துச் சிலர் முணுமுணுத்தார்கள். உடையவர் வழக்கத்தை மாற்றவில்லை. பெரியவர் ஒருவர் ஊரறிய நம் தோளைப் பற்றினால், அந்தத் தோள் அதன்பின் எந்தச் சுமைக்குத்தான் அஞ்சும்!

அவருடைய பேச்சுக்கு இருந்த வலிமையும் இங்கிருந்தே வந்தது. திருக்கோட்டியூர் நம்பியிடம் எட்டெழுத்து மந்திரத்தின் பொருளை அறிய அவர் 18 முறை நடந்தார். யாருக்கும் வெளியிடக் கூடாது, மீறினால் நரகம் என்பது குருவின் கட்டளை. மறுநாளே ராமானுஜர் சௌமிய நாராயணப் பெருமாள் கோயில் கோபுரத்தின் மீதேறி, ஆசையுள்ள எல்லோருக்கும் அதை உரக்கச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. தான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் கடைத்தேறுவார்களே என்பதுதான் அவர் குருவுக்குச் சொன்ன சமாதானம். கோபத்தோடு வந்த குரு உருகிப்போய் ‘எம்பெருமானார்’ என்று திருநாமம் சூட்டினார்.

கவனித்தீர்களா? பலன் கேட்பவர்களுக்கு, தண்டனை தனக்கு! இப்படி ஒருவர் பேசினால் யார்தான் செவிசாய்க்க மாட்டார்கள்? நாமோ பல நேரம் பெயரை நமக்கு வைத்துக்கொண்டு, பழியை அடுத்தவர் மேல் இறக்கிவிடுகிறோம்.

தமக்குப் பிறகும் பணி நிற்கக் கூடாது என்று 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்தார் உடையவர். 1137-இல் ஸ்ரீரங்கத்திலேயே திருநாடு எய்தினார். அங்கே உடையவர் சந்நிதியில் ‘தானான திருமேனி’யாக இன்றும் எழுந்தருளியிருக்கிறார். பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்தப்பெற்ற அந்தத் திருமேனியின் முன் நிற்கும்போது, உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அவரை எப்படி விலக்குவது என்று கேட்காமல், அவருக்குள் இருக்கும் அமுதனாரைக் காணும் கண்ணைக் கேளுங்கள். உடையவர் நிச்சயம் அருள்வார்!