புரதம் மடியும் விதிகளை வரைந்த ஜி.என். ராமச்சந்திரன்: அமைலாய்டு நோய் ஆய்வுகளுக்கும் அடிப்படை

பெங்களூரு: உடலில் உள்ள புரதங்கள் தவறாக மடிந்து, நுண்ணிழைகளாகத் திரண்டு, இதயம், சிறுநீரகம், நரம்பு முதலிய உறுப்புகளில் படிவதால் உண்டாகும் நோய் அமைலாய்டோசிஸ் எனப்படுகிறது. இந்நோய் குறித்த இன்றைய ஆய்வுகளுக்குத் துணை நிற்கும் அடிப்படைகளுள் ஒன்று, ஒரு புரதச் சங்கிலி எவ்வாறெல்லாம் மடிய இயலும் என்பதைக் காட்டும் 'ராமச்சந்திரன் வரைபடம்'. அதனை அளித்த ஜி.என். ராமச்சந்திரனின் ஆய்வு வாழ்க்கை தொடங்கிய நகரம் பெங்களூரு.

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அவர், 1942-ல் பெங்களூரு வந்தார். தமிழர்கள் பெருமளவில் வாழும் ஒக்கலிபுரத்திலிருந்து மல்லேசுவரம் வழியாக வடக்கே சில கிலோமீட்டர் சென்றால் இந்திய அறிவியல் கழகம் உள்ளது. அங்கு மின் பொறியியல் துறையில் சேர்ந்த அவர், விரைவிலேயே சர் சி.வி. ராமனின் மாணவராக இயற்பியல் துறைக்கு மாறினார். பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் முனைவர் பட்டம் பெற்றார்.

கொலாஜன் ஆய்வு

1952-ல், முப்பது வயது நிறைவதற்குள், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அவ்வாண்டு சென்னை வந்த பிரிட்டன் அறிவியலாளர் ஜே.டி. பெர்னல், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றைத் தாங்கி நிற்பது இப்புரதமே.

ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியுடன் கிடைத்த மாதிரிகளை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தனர். மூன்று சங்கிலிகள் இணைந்த அமைப்பே கொலாஜன் என 1954-ல் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர்.

விமர்சனத்தில் பிறந்த வரைபடம்

இந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் ஆகியோர் விமர்சித்தனர். அப்படியாயின் அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்ற கேள்வியை ராமச்சந்திரன் கையில் எடுத்தார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து, மேசைக் கணக்கிடும் கருவியின் துணையோடு அவர் கண்ட விடை 1963-ல் வெளியானது.

புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பிணைப்புகள் சுழலக்கூடியவை. அவற்றின் கோணங்களை வரைபடத்தின் இரு அச்சுகளாகக் கொண்டு, அணுக்கள் மோதிக்கொள்ளாத இடங்களை மட்டும் குறித்தபோது, பெரும்பகுதி விலக்கப்பட்ட பரப்பாக அமைந்தது. எஞ்சிய சிறு பகுதிகளில் ஒன்று ஆல்பா சுருள். மற்றொன்று பீட்டா தாள்.

அமைலாய்டு இழைகள் பெரிதும் இந்தப் பீட்டா அமைப்பால் ஆனவை. அதாவது, நோய் தரும் புரதம் வரைபடத்தின் விதியை மீறுவதில்லை. அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே வேறொரு வடிவத்தை அடைகிறது. முடக்குவாதம், பரம்பரையாக வரும் சில தன்னழற்சி நோய்கள் ஆகியவற்றில் அழற்சி நெடுநாள் நீடிக்கும்போது, கல்லீரல் மிகுதியாகச் சுரக்கும் ஒரு புரதம் இவ்வாறு மாறி, குறிப்பாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. எனவேதான் அழற்சியைத் தொடக்கத்திலேயே கட்டுப்படுத்துவது முக்கியமாகிறது.

மீண்டும் பெங்களூரு

1970-ல் சென்னையை விட்டு நீங்கிய ராமச்சந்திரன், 1971-ல் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். அதே ஆண்டு ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் அவர் வெளியிட்ட கணித முறை, எக்ஸ் கதிர்ப் பதிவுகளிலிருந்து உள்ளுறுப்புகளின் படத்தை விரைவாக உருவாக்க வழிகாட்டியது. சி.டி. ஸ்கேன் நுட்பத்தின் வளர்ச்சிக்கு அது துணைபுரிந்தது. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முதுமையில் அவரைப் பக்கவாதமும், பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதமும் பாதித்தன. மூளை நரம்பணுக்களில் ஒரு புரதம் அமைலாய்டு இழைகளாகத் திரள்வது பார்க்கின்சன் நோயின் முக்கிய அடையாளம். புரதங்கள் மடியும் விதத்தை உலகுக்கு விளக்கியவரின் இறுதி ஆண்டுகள், புரதம் தவறாக மடிவதோடு தொடர்புடைய நோயுடனேயே கழிந்தன. மனைவி ராஜலட்சுமி 1998-ல் மறைந்தார். 2001 ஏப்ரல் 7 அன்று, 78-வது வயதில், ராமச்சந்திரன் சென்னையில் காலமானார்.

அமைலாய்டு இழைகளின் அமைப்பு இன்று எலெக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் அணு அளவில் கண்டறியப்படுகிறது. அவ்வாறு கண்டறியப்படும் ஒவ்வொரு புரத அமைப்பும், உலகத் தரவு வங்கியில் சேர்க்கப்படும்போது, ராமச்சந்திரன் வரைபடத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகிறது.