சகோதரிகளை வளர்த்த ஸஹாபி

வாப்பா மவுத்தாகிவிட்ட வீட்டில் குமருகள் பலர் இருந்தால், அவ்வீட்டு வாலிபனுக்குப் பெண் கொடுக்க நம் ஊர்களில் தயங்குகிறார்கள். இத்தனை பேரைச் சுமந்துகொண்டு இவன் எப்போது தலையெடுப்பான் என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். உலகம் பாரம் என்று சொல்லும் இப்பொறுப்பை மனமுவந்து ஏற்ற ஒரு வாலிபரின் வரலாற்றை இங்கே பார்ப்போம். அவர்கள்தாம் ஹளரத் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள்.

மதீனாவின் கஸ்ரஜ் குலத்தில், பனூ ஸலிமா கிளையில் பிறந்தவர்கள். இளம் வயதிலேயே தந்தையாருடன் சென்று, இரண்டாம் அகபாவில் பைஅத் செய்தவர்கள். பத்ருக்கும் உஹதுக்கும் மற்ற வாலிபர்கள் புறப்பட்டபோது, சகோதரிகளைக் கவனிக்கும்படி தந்தையார் இவர்களைத் தடுத்துவிட்டார்கள். வாளேந்தத் துடிக்கும் வயதில் வீட்டில் தங்குவது எளிதன்று. எனினும் தந்தை சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள்.

ஹிஜ்ரி 3-ம் ஆண்டு (கி.பி. 625) உஹதில் தந்தையார் ஷஹீதானார்கள். கடனை அடைக்க வேண்டும், சகோதரிகளை நல்லவிதமாக நடத்த வேண்டும் என்பதே முந்திய இரவு அவர்கள் மகனுக்குச் செய்த வஸிய்யத். சகோதரிகள் ஒன்பது பேர் என்று ஓர் அறிவிப்பும், ஏழு பேர் என்று இன்னோர் அறிவிப்பும் கூறுகின்றன. அப்போது ஜாபிர் (ரலி) அவர்களுக்கு வயது ஏறக்குறைய இருபதுதான்.

பிறகு அவர்கள் நிகாஹ் செய்தது, முன்பே மணவாழ்க்கை கண்ட ஒரு பெண்மணியை. ஒரு பயணத்திலிருந்து திரும்பும் வழியில் இதையறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வாலிபராகிய நீர் ஏன் ஒரு கன்னிப் பெண்ணை மணக்கவில்லை எனக் கேட்டார்கள். தம் சகோதரிகளைப் போன்ற மற்றொரு சிறுமியை அழைத்து வருவதைவிட, அவர்களுக்குத் தலைவாரிவிட்டு, ஒழுக்கம் கற்பித்துப் பராமரிக்கும் ஒருவரையே தாம் விரும்பியதாக ஜாபிர் (ரலி) விளக்கினார்கள். காரணத்தைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், செய்தது சரியே என ஆமோதித்தார்கள்.

அத்தோடு நிற்கவில்லை. அதே பயணத்தில் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை விலைபேசி வாங்கி, மதீனா சேர்ந்ததும் பணத்தையும் கொடுத்து ஒட்டகத்தையும் திருப்பித் தந்தார்கள்.

தந்தையாரின் கடனும் சுமையாகவே இருந்தது. கொடுக்க வேண்டிய பேரீச்சம்பழம் 30 வஸக். கடன்காரர் தவணைக்கு இசையவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் பரிந்து பேசியும் கேட்கவில்லை. பின்னர் அவர்கள் தோட்டத்திற்கு வந்து மரங்களினூடே நடந்தார்கள். அதன்பின் பழத்தைப் பறித்து அளந்தபோது, கடன் முழுவதும் தீர்ந்து 17 வஸக் மிஞ்சியது. பரக்கத் என்பது இதுதான்!

குடும்பச் சுமையால் ஜாபிர் (ரலி) அவர்கள் பின்தங்கிப் போனார்களா? இல்லை. தந்தையார் ஷஹீதான பின்பு எந்தப் போரிலும் அவர்கள் பின்தங்கவேயில்லை. நாயகத்துடன் 19 போர்களில் கலந்துகொண்டார்கள். ஒரேயொரு ஹதீஸைக் கேட்பதற்காக ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் தேசம் சென்றார்கள். அவர்கள் வாயிலாக நமக்குக் கிடைத்த ஹதீஸ்கள் 1,540. நெடுங்காலம் வாழ்ந்து, முதுமையில் பார்வையிழந்து, ஹிஜ்ரி 78-ம் ஆண்டு வாக்கில் மதீனாவில் வஃபாத்தானார்கள்.

அன்பர்களே! நாயகம் (ஸல்) அவர்களும் கேள்வி கேட்டார்கள். ஆனால் பதிலையும் செவிமடுத்தார்கள், பாராட்டினார்கள், கைகொடுத்தார்கள். நாமோ கேள்வியோடு நின்றுவிடுகிறோம். பெரிய குடும்பத்தைத் தாங்கும் வாலிபன் நம் மஹல்லாவில் இருந்தால், அவனை எடைபோடுவதை விட்டுவிட்டு, அவன் கடனில் ஒரு பகுதியையேனும் தீர்க்க முன்வருவோம். அவன் வீட்டுக் குமருகளுக்கு நல்ல இடம் தேடிக் கொடுப்போம். அவனுக்குப் பெண் கொடுக்கவும் தயங்காதிருப்போம்.

வல்ல அல்லாஹ் அதற்கு நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.