பாரடேயின் குறிப்பேடுகள்

காந்தத்தின் துணையால் மின்சாரத்தை உண்டாக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் மைக்கேல் பாரடே. அணைக்கட்டுகளில் நீரின் விசையால் சுழலும் பெரும் மின்னாக்கிகள் யாவும் 1831-ஆம் ஆண்டில் அவர் கண்ட உண்மையைக் கொண்டே இயங்குகின்றன. இத்துணைப் பெருமைக்குரிய அவர், கல்லூரியில் பயின்றவர் அல்லர். உயர்கணிதம் அறிந்தவரும் அல்லர். நினைவாற்றலும் அவருக்கு வலுவாக வாய்க்கவில்லை. இக்குறைகளை ஈடுசெய்ய அவர் மேற்கொண்ட வழி மிக எளியது. கண்டதையும் கேட்டதையும் எண்ணியதையும் அன்றன்றே எழுதி வைத்தார்.

இலண்டனை அடுத்த நியூவிங்டன் பட்ஸ் என்னும் ஊரில் 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் பாரடே பிறந்தார். தந்தையார் கொல்லர், அடிக்கடி நோயுற்று வேலைக்குச் செல்ல இயலாமல் கிடந்தவர். 1801-இல் தானிய விலை ஏறியபோது குடும்பம் பெரிதும் துன்புற்றது. அப்போது சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கென ஒரே ஒரு ரொட்டி கிடைத்தது. எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது.

1804-இல், ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பாரடே ஏவலாளாகச் சேர்ந்தார். அந்நாளில் செய்தித்தாள் விலை மிகுந்த பொருள். பலர் அதை வாடகைக்கு வாங்கிப் படித்தனர். ஒரு வீட்டில் கொடுத்த தாளைத் திரும்பப் பெற்று அடுத்த வீட்டிற்கு எடுத்துச் செல்வதே அவருடைய வேலை. அவருடைய நாணயத்தைக் கண்ட ரீபோ, மறு ஆண்டு, வழக்கமான கட்டணமும் வாங்காமல் அவரைப் புத்தகம் கட்டும் தொழிலுக்கு ஏழாண்டுப் பழகுநராக ஏற்றுக்கொண்டார்.

பகலில் கட்டும் புத்தகத்தை ஓய்வு நேரத்தில் பாரடே படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. எனினும், அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றியது ஐசக் வாட்ஸ் என்பார் அறிவை வளர்க்கும் முறை பற்றி எழுதிய நூலே எனலாம். படித்தவற்றைக் குறித்து வைத்தல், அறிஞர் சொற்பொழிவுகளைக் கேட்டல், கற்றதை நண்பருடன் கலந்து பேசுதல், கடிதம் எழுதுதல் ஆகியவற்றை அந்நூல் வற்புறுத்தியது. இத்தகைய அறிவுரைகளைப் படித்துப் பாராட்டுவோர் பலர்; மறுநாளே கடைப்பிடிப்போர் சிலர். பாரடே அச்சிலருள் ஒருவர். குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினார். பெஞ்சமின் அபட் என்னும் நண்பருக்கு, எழுத்தும் எண்ணமும் திருந்த வேண்டும் என்னும் நோக்கத்துடன் நீண்ட கடிதங்கள் எழுதலானார்.

டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் அறிவியல் சொற்பொழிவுகள் நிகழ்த்தி வந்தார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லுலையில் உழைத்த தமையன் ராபர்ட் அதைக் கொடுத்து உதவினார். அங்கே கேட்டவற்றைப் பாரடே முதலில் சிறுசிறு சொற்களாகக் குறித்துக்கொள்வார். வீடு திரும்பியபின் அவற்றை விரித்து, செம்மையாக எழுதுவார். கருவிகளைப் படமாக வரைய வேண்டியிருந்ததால், ரீபோவின் வீட்டில் குடியிருந்த பிரெஞ்சு ஓவியர் ஒருவரிடம் வரையக் கற்றார். எழுதிய தாள்களைத் தம் கையாலேயே நான்கு தொகுதிகளாகக் கட்டி, ரீபோவுக்கு உரிமையாக்கினார்.

1812-இல், புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவி ராயல் நிறுவனத்தில் ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. அவற்றையும் அவ்வாறே எழுதிக் கட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் பழகுநர் காலம் முடிந்தது. சினம் மிகுந்த வேறொரு முதலாளியிடம் கூலிக்குப் புத்தகம் கட்டும் நிலை வந்தது. வாழ்நாள் முழுவதும் இதுதானோ என்னும் கவலை அவரை வாட்டியது. ராயல் சங்கத்தின் தலைவருக்கு வேலை வேண்டி எழுதினார், மறுமொழி வரவில்லை. பின்னர், டேவிக்கு எழுதியபோது தாம் கட்டிய குறிப்பு நூலையும் உடன் அனுப்பினார். டேவி அவரை அழைத்துப் பேசினார். ஆனால் அப்போது வேலை ஒன்றும் காலியாக இல்லை. சில வாரங்களுக்குப் பின், ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டையிட்டு வேலை இழந்தார். டேவிக்கு அந்நூலை எழுதிய இளைஞரின் நினைவு வந்தது. 1813-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் பாரடே வேலைக்கு அமர்த்தப்பெற்றார். வாரச் சம்பளம் இருபத்தைந்து ஷில்லிங். தங்குவதற்கு மாடியில் இரண்டு அறைகள்.

ஆய்வுக்கூடத்திலும் பழைய பழக்கம் தொடர்ந்தது. 1820 முதல் 1862 வரை தாம் செய்த சோதனைகளை நாட்குறிப்பில் எழுதி வந்தார். 1832 முதல் பத்திகளுக்குத் தொடர் எண் இட்டார். அந்த எண் 16,041 வரை வளர்ந்தது. வெற்றியை மட்டும் எழுதித் தோல்வியை மறைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. பயன் ஒன்றும் தோன்றவில்லை என்பதையும் அதே கவனத்துடன் எழுதினார்.

1822-இல் வேறொரு குறிப்பேட்டையும் அவர் தொடங்கினார். இனிச் செய்ய வேண்டிய ஆராய்ச்சிகளும் விடை காண வேண்டிய ஐயங்களும் அதில் இடம் பெற்றன. முடிந்ததைப் பேனாவால் கோடிட்டு அடிப்பார். காந்தத்தை மின்சாரமாக மாற்ற வேண்டும் என்னும் குறிப்பு அதில் ஒன்று. அது ஒன்பது ஆண்டுகள் அடிக்கப்படாமலே இருந்தது. இடையிடையே செய்த சோதனைகள் பயன் தரவில்லை. 1831-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள், இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் செம்புக் கம்பிகளைச் சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்தோடு இணைத்த அந்நொடியில், மற்றச் சுருளின் அருகே இருந்த காந்த ஊசி அசைந்து, பின் பழைய நிலையில் நின்றது. இணைப்பை நீக்கியபோது மீண்டும் அசைந்தது. மின்னோட்டம் ஒரே சீராகப் பாய்ந்துகொண்டிருக்கையில் ஊசி அசையவில்லை. மாற்றம் நிகழும் கணத்தில் மட்டுமே மின்சாரம் தோன்றுகிறது! நிலையான விளைவையே எதிர்நோக்கியிருந்தவர் கண்ணுக்கு இது எளிதில் தப்பியிருக்கும். கண நேர அசைவையும் விடாது எழுதும் பழக்கம் இங்கே கைகொடுத்தது. அக்டோபர் மாதத்திற்குள், காந்த முனைகளுக்கிடையே செப்புத் தகட்டைச் சுழற்றித் தொடர்ந்து மின்சாரம் எடுத்தும் காட்டினார்.

இவ்வெற்றிக்குப்பின் அவர் செய்த செயல் பலருக்கு வியப்பளித்தது. தொழிற்சாலைகளுக்கு ஆய்வு செய்து கொடுப்பதன் வாயிலாக ஆண்டுக்கு ஆயிரம் பவுனுக்கு மேல் வருவாய் வந்துகொண்டிருந்தது. அவ்வேலை தம் நேரத்தை விழுங்குவதை உணர்ந்து அதனைக் குறைத்தார். 1832-இல் அவ்வருவாய் 155 பவுனாகச் சரிந்தது. 1838-இல் ஒன்றும் இல்லாமற் போயிற்று. விருந்துகளுக்குச் செல்வதையும் பெரும்பாலும் நிறுத்தினார். ஆயினும், உறக்கத்தைத் துறந்து உழைத்தவர் என்று அவரை எண்ணிவிடலாகாது. ஏறத்தாழ எட்டு மணி நேரம் உறங்குவார். ஞாயிற்றுக்கிழமை இறைவழிபாட்டுக்கு உரியது. மாலையில் மனைவியார் சாராளுடன் நூல் படித்து மகிழ்வார். ஆய்வுக்கூடத்தில் எடுத்த கருவி எடுத்த இடத்திற்கே திரும்ப வேண்டும் என்பதில் மட்டும் அவர் கண்டிப்பானவர்.

மேடைப்பேச்சும் அவருக்கு இயல்பாக வந்ததன்று. பேச்சுப் பயிற்சி ஆசிரியர் ஒருவரிடம் கற்றார். பேச்சு விரைந்து செல்லாதிருக்க, மெதுவாகப் பேசுமாறு நினைவூட்டும் அட்டை ஒன்று மேடையில் அவர் கண்முன் இருக்கும். இவ்வாறு பயின்றவரே சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளைப் பத்தொன்பது முறை நிகழ்த்தினார். மெழுகுவத்தியைப் பற்றி அவர் பேசியது நூலாக வெளிவந்து, இன்றும் படிக்கப்படுகிறது.

ஐம்பது வயதை நெருங்கும் வேளையில் உடல்நலம் குன்றியது, மறதியும் மிகுந்தது. நான்கைந்து ஆண்டுகள் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இயலவில்லை. மீண்டும் ஆய்வுக்கூடம் புகுந்தபோது குறிப்பேடுகளே அவருடைய நினைவாகப் பயன்பட்டன. தொலைநோக்கிக்கு நல்ல கண்ணாடி செய்ய வேண்டிப் பல ஆண்டுகள் முன்பு உழைத்து, எதிர்பார்த்த பயனின்றிக் கைவிட்ட முயற்சியின் கனத்த கண்ணாடித் துண்டுகள் அங்கே இருந்தன. 1845-இல் அத்தகைய துண்டு ஒன்றின் வழியே ஒளியைச் செலுத்தி, காந்தம் ஒளியின்மேலும் செயற்படுவதை மெய்ப்பித்தார்.

1862-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், சுடரின் நிறமாலையைக் காந்தம் மாற்றுமா என்று முதியவர் சோதித்துப் பார்த்தார். மாற்றம் தெரியவில்லை, அதை அப்படியே எழுதினார். அதுவே அவருடைய கடைசிச் சோதனை. 1867-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் நாள், தம் நாற்காலியில் அமர்ந்தவாறே பாரடே உயிர் நீத்தார்.

அக்கடைசிச் சோதனையைப் பற்றிப் பின்னாளில் படித்த டச்சு அறிஞர் பீட்டர் சீமன், பாரடே முயன்று பார்த்தது மீண்டும் முயலத்தக்கதே என்று கருதினார். 1896-இல், லைடன் நகரில், பாரடேக்குக் கிடைத்திராத நுண்ணிய கருவிகளைக் கொண்டு அதே சோதனையைச் செய்தார். வலிய காந்தத்தின் இடையே வைத்த சோடியச் சுடரின் நிறமாலைக் கோடுகள் அகன்றன. அதற்காக 1902-இல் அவருக்கும் அவருடைய ஆசிரியர் லொரென்சுக்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.