செவாலியர் ஜாக்சன்

அமெரிக்க நாட்டின் பிட்ஸ்பர்க் நகரில் 1865-ஆம் ஆண்டு பிறந்தார் செவாலியர் ஜாக்சன். கண்ணாடியிலும் மண்கலத்திலும் ஓவியந் தீட்டிப் பொருளீட்டி மருத்துவம் பயின்றார்.

குழந்தையின் மூச்சுக்குழலுள் கடலையோ ஊக்கோ புகுந்தால் முதலில் கடும் இருமல் எழும். அது தணிந்ததும் பெற்றோர் ஆபத்து நீங்கிற்றென எண்ணுவர். பொருளோ உள்ளே தங்கி நுரையீரலைக் கெடுக்கும். ஜாக்சன், நுனியில் சிறுவிளக்கு ஒளிரும் மெல்லிய குழலை வாய்வழியே செலுத்தி, கத்தி படாமலே அதனை வெளியே எடுத்தார். இக்கலையை மாணவர் பலருக்கும் கற்பித்தார்.

மூச்சுக்குழலிலும் உணவுக்குழலிலும் சிக்கி அவர் மீட்ட 2,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் உள்ளன. சிறுபொருள்களைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்குமாறு பெற்றோரை இறுதிவரை எச்சரித்த அப்பெரியார் 1958-இல் மறைந்தார். வந்தபின் தீர்ப்பதினும் வருமுன் காப்பதையே அவர் பெரிதாகக் கருதினார்.