நீரில் பரவிய பொன்

உப்பை நீரில் இட்டால் கரைந்து மறையும். பொன்னை இட்டால் அடியில் தங்கிவிடும். கரையாத அப்பொன்னை மின்சாரத்தால் நுண்துகளாக்கி, நீர் முழுதும் பரவி நிற்கச் செய்தவர் வேதியியல் அறிஞர் கியார்க் பிரெடிக் ஆவார்.

இவர் 1868ஆம் ஆண்டு, அன்று பிரஷ்ய நாட்டுக்கு உரியதும் இன்று போலந்து நாட்டில் உள்ளதுமான கிளோகாவ் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஆஸ்ட்வால்டு என்னும் பேரறிஞரிடம் பயின்று, 1894இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1898இல் அவர் வெளியிட்ட முறை மிக எளிமையானது. தூய நீரில் சிறிதளவு காரம் சேர்த்தார். இரண்டு பொற்கம்பிகளின் முனைகளை நீருக்குள் நெருங்க வைத்து மின்சாரம் செலுத்தினார். முனைகளுக்கிடையே கண்கூசும் மின்வில் எழுந்தது. அதன் வெப்பத்தால் பொன் ஆவியாயிற்று. அவ்வாவி குளிர்ந்த நீரில் பட்டதும் நுண்துகள்களாக உறைந்தது. தெளிந்த நீர் செவ்வூதா நிறம் கொண்டது. அத்துகள்கள் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் சிறியவை. ஒரே வகை மின்னூட்டம் பெற்றிருந்தமையால் அவை ஒன்றையொன்று விலக்கின. ஆதலால் திரண்டு அடியில் படியவில்லை. இத்தகைய கலவையே கூழ்மம் எனப்படும்.

இவ்வாறே ஆக்கிய பிளாட்டினக் கூழ்மம் அவருக்கு வியப்பளித்தது. அதன் சிறு துளியும் ஹைட்ரஜன் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தது. குருதியில் உள்ள நொதியும் அவ்வாறே செய்யும். நொதியை முடக்கும் நஞ்சுகள் பிளாட்டினத்தையும் முடக்கின. உயிரற்ற உலோகமும் நொதிபோலத் தொழிற்படும் என்னும் இவ்வுண்மையை 1901இல் நூலாக வெளியிட்டார்.

ஹைடல்பெர்க், சூரிச் நகரங்களில் கற்பித்தபின், 1911 முதல் கார்ல்ஸ்ரூ நகரில் பேராசிரியராக விளங்கினார். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தனர். யூதர் என்னும் காரணத்தால் பிரெடிக் பணியிழந்தார். 1939இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், நெதர்லாந்துக்குத் தப்பிச் சென்றார். மறு ஆண்டு அமெரிக்காவை அடைந்தார். 1944இல் நியூயார்க் நகரில் மறைந்தார்.

அவரைத் துரத்திய ஆட்சி 1945இல் அழிந்தது. அவர் கண்ட வழியோ நானோ துகள் ஆய்வகங்களில் இன்றும் பயன்படுகின்றது. வேதியியல் நூல்கள் அதனைப் பிரெடிக் மின்வில் முறை என்றே வழங்குகின்றன.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
நொதி – உடலில் வேதிவினையை விரைவாக்கும் பொருள்
மின்வில் – இரு முனைகளுக்கிடையே பாயும் மின்னொளி

வினாக்கள்
1. பொன் துகள்கள் நீரின் அடியில் படியாமைக்குக் காரணம் யாது?
2. பிளாட்டினக் கூழ்மம் எவ்வகையில் நொதியை ஒத்தது?
3. பிரெடிக் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது ஏன்?